மரச் சங்கிலியும் நடுவர் கண்ணும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பணிக்காலத்தில் எத்தனை முறை நடுவராக அமர்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி, கைவினைப் போட்டி என ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்றிற்கான மதிப்பெண் தாள் நம் கைக்கு வந்த வண்ணமே இருக்கும். போட்டியில் கலந்துகொள்ளும் மாணவனுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை நாம் அறிவோம். அவனை மதிப்பிட அமர்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனை எனக்கு உணர்த்தியது ஒரு சாண் நீளமுள்ள மரத்துண்டு.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியர் பயிற்சியை முடித்துக் கிள்ளான் வட்டாரப் பள்ளியொன்றில் பணியேற்ற புதிதில், மாணவர்களுக்கான மரச்செதுக்குப் போட்டி ஒன்றிற்கு என்னை நடுவருள் ஒருவனாக அமர்த்தினர். பொருள் முழுவதும் ஒரே மரத்தில் மாணவன் தன் கைப்படச் செதுக்கியதாக இருத்தல் வேண்டும், பசையோ ஆணியோ கூடாது என்பன விதிகள். யானை, குத்துவிளக்கு, பாய்மரக் கப்பல், பிள்ளையார் எனப் பல பொருள்கள் மேசைமேல் இருந்தன. அவற்றிடையே கேரித் தீவுத் தோட்டத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன் செந்நிற மரத்தில் செய்த சிறு புலி இருந்தது. மெருகு இல்லை, வண்ணம் இல்லை. புலியின் வாயிலிருந்து ஐந்து கண்ணிகள் கொண்ட மரச் சங்கிலி தொங்கியது. தொட்டால் ஆடியது. தனித்தனியே வளையங்களைச் செய்து ஒட்டியிருக்கிறான் என்று நான் முடிவு செய்தேன். மற்றவரும் உடன்பட்டனர். தாளில் 'விதிமீறல்' என்று எழுதினேன்.

"ஒட்டலீங்க சார்" என்றான் சிறுவன். ஒருமுறைதான் சொன்னான். பெரியவர் தீர்ப்புக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. பிறகு வாய் திறக்கவில்லை. புலியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சில திங்கள் கழித்து மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகக் கோம்பாக்கில் உள்ள பூர்வகுடி மக்கள் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு புலி இருந்தது. அதனிடமும் சங்கிலி இருந்தது. சங்கிலியும் புலியும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கப்பட்டவை என்று விளக்கினார்கள். எனக்கு நாணமே மேலிட்டது. சிறுவனைத் தேடினேன். அவன் குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டது என்ற செய்திதான் கிடைத்தது. இக்கட்டுரை அக்கடனில் ஒரு சிறு பகுதியை அடைக்கும் முயற்சி. மரச்செதுக்குக்குப் பரிசு தரும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, நடுவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் காணாது விட்டார்கள் என்பதனை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இதன் கருத்து.

கேரித் தீவும் அதன் முதற்குடிகளும்

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அமைந்தது கேரித் தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி நிற்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரப்பர் நடப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் குடியேற்றப்பட்டனர். பின்னர் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. நம்மவர் வரலாற்றில் கேரித் தீவு என்றால் தோட்டம் என்பதே நினைவுக்கு வரும். ஆயினும் தோட்டம் வருமுன்பே அவ்வட்டாரக் கடற்கரைகளில் வாழ்ந்தவர்கள் மா மெரி மக்கள்.

'மா' என்றால் மக்கள். 'மெரி' என்றால் காடு. பெயரால் காட்டு மக்கள் எனினும் இவர்கள் வாழ்வு கடலையும் கண்டற்காட்டையும் சார்ந்தது. பழைய ஆங்கில நூல்கள் இவர்களைப் 'பெசிசி' என்று குறித்தன. சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த ஸ்கீட் என்பவர் பிளாக்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து 1906-ஆம் ஆண்டு வெளியிட்ட மலாயாத் தீபகற்பப் பழங்குடியினர் பற்றிய பெருநூலில் இம்மக்களின் பாடல்களையும் விழாக்களையும் பதிவு செய்துள்ளார். இவர்களின் மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய் மொழியோடு ஒரே குடும்பம் அன்று.

முன்னோரின் ஆவிகளையும் இயற்கையில் உறையும் ஆவிகளையும் இவர்கள் 'மோயாங்' என்று போற்றுவர். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர் நாள் கொண்டாடும்போது மரமுகமூடி அணிந்து, மண்மேட்டைச் சுற்றி 'ஜோஓ' என்னும் ஆட்டத்தை ஆடுவர். அம்முகமூடிகள் பூலாய் என்ற மென்மரத்தால் ஆனவை. நம் இலக்கியங்கள் ஏழிலைப்பாலை என்று போற்றும் மரமும் இதன் இனமே. முழு உருவச் சிற்பங்களுக்கோ கண்டற்காட்டில் வளரும் நீரே பத்து என்ற கனத்த செம்மரத்தையே நாடுவர்.

முற்காலத்தில் இவ்வுருவங்கள் அழகுக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. ஒருவர் நோயுற்றால், நோய் தந்த ஆவியின் உருவை மரத்தில் வடித்து, பூசாரி அந்நோயை அவ்வுருவிற்கு மாற்றுவார். பின்னர் அவ்வுருவை ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவர். வடித்த உருவம் நிலைத்திருக்கக் கூடாது. அது போய்விட வேண்டும். போனால்தான் நோய் போகும். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னாளில் அதே உருவங்கள் அருங்காட்சியகப் பேழைக்குள்ளும் பரிசு மேசைமேலும் வந்து அமர்ந்தது எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

1960-களுக்குப் பின் இவ்வேலைப்பாடு விற்பனைக்குரிய கைவினையாக வளர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோலண்ட் வெர்னர் 1970-களில் மா மெரி மக்களின் கலையைப் பற்றியும், பகாங்கில் வாழும் ஜா ஹுட் மக்களின் கலையைப் பற்றியும் தனித்தனி நூல்கள் வெளியிட்டார். ஒவ்வோர் உருவிற்கும் உரிய பெயரும் கதையும் இதனால் ஏட்டில் ஏறின. சங்கிலி பூண்ட புலி, மலாயில் 'மோயாங் ஹாரிமாவ் பெரந்தாய்', அவ்வுருவங்களுள் மிகப் புகழ் பெற்றது.

ஒரே மரத்தில் ஒரு சங்கிலி

இச்சங்கிலி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்திருந்தால் நான் அன்று தவறியிருக்க மாட்டேன். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

முதலில் சங்கிலிக்குரிய பகுதியைச் சதுரக் கம்பமாகச் சீவுவர். பின் நான்கு மூலைகளையும் நீளவாட்டில் வெட்டி எடுத்தால் கம்பத்தின் குறுக்குவெட்டு கூட்டல் குறிபோல் நிற்கும். நிமிர்ந்த பட்டையில் ஒரு கண்ணி, கிடந்த பட்டையில் அடுத்த கண்ணி என மாறிமாறி அளவிட்டுக் குறிப்பர். ஒரு கண்ணியின் தலை மற்றொன்றின் வயிற்றுக்குள் இருக்குமாறு குறி அமைதல் வேண்டும். அதன்பின் சிற்றுளி கொண்டு இடைப்பட்ட மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தெடுப்பர். இரு கண்ணிகளையும் பிணைத்து நிற்கும் கடைசி மெல்லிழையை அறுத்தவுடன் கண்ணி விடுபட்டு ஆடும்.

மரத்தின் நார் நீளவாட்டில் ஓடுவது. கண்ணியின் பக்கங்கள் நாரோடு இயைந்து நிற்பதால் வலுவாக இருக்கும். அதன் இரு வளைவுகளிலோ நார் குறுக்கே அறுபட்டிருக்கும். அங்கே வலுக் குறைவு. கொட்டாப்புளியின் அடி சற்றே மிகுந்தாலும் கண்ணி அங்கேதான் பிளக்கும். ஒரு கண்ணி பிளந்தால் சங்கிலி முழுவதும் வீண். சங்கிலி உடலோடு ஒட்டியதாயின் புலியும் வீண். மண்ணில் பிழை செய்தால் பிசைந்து திருத்தலாம். மரத்தில் எடுத்ததை மீண்டும் வைக்க இயலாது.

ஒட்டிய சங்கிலியையும் ஒரே மரத்தில் குடைந்த சங்கிலியையும் வேறுபடுத்துவது எளிது. ஒட்டியதில் கண்ணிகளுள் சிலவேனும் பிளந்து மூடிய தடத்தைக் காட்டும். ஒரே மரத்தில் குடைந்ததில் அத்தடம் இராது. எல்லாக் கண்ணிகளிலும் நார் ஒரே திசையில் ஓடும். ஒரு கண்ணியில் மறையும் வரி அடுத்ததில் தொடரும். கண்ணிகளை இழுத்து நேராக்கி வெளிச்சத்தில் பிடித்தால் போதும். அரை நிமிடத்து வேலை. அந்த அரை நிமிடத்தை நான் அச்சிறுவனுக்குத் தரவில்லை.

இதில் எனக்கு மன்னிப்பில்லாத ஒரு செய்தியும் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலிகள் தொங்குகின்றன. தமிழ்ச் சிற்பியின் திறத்துக்குச் சான்றாக ஆசிரியர் அனைவரும் எடுத்துக்காட்டுவது. போட்டி நடந்த அதே கிழமையில் நானும் ஆறாம் ஆண்டு வகுப்பில் அதனைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்திருந்தேன். ஏட்டில் படித்த கற்சங்கிலியை வியக்கத் தெரிந்த எனக்குக் கையில் கிடைத்த மரச்சங்கிலியை அறியத் தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் பக்கத்துக் குடியிருப்பு மா மெரி முதியவரிடம் கற்றிருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

பழந்தமிழர் காலத்து நடுவர்

பரிசு மேசையும் மதிப்பெண் தாளும் நம் மரபில் பழையன அல்ல. ஆயினும் மரவேலையை மதிப்பிடும் முறை இருந்தது. மகத நாட்டு வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞருடன் கூடிப் பணி செய்ததை மணிமேகலை கூறுகிறது. பல நாட்டுக் கைத்திறன் ஓரிடத்தில் கூடியபோது ஒருவர் வேலையை மற்றவர் கண்டு அளந்திருப்பர் என்று கொள்ளலாம்.

சிற்ப நூல்களில் அளவே முதல் நடுவர். முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, அத்தாலத்தின் மடங்குகளால் உருவத்தின் உயரத்தை வகுப்பது மரபு. எத்தெய்வத்திற்கு எத்தனை தாலம் என்பது வரையறுக்கப்பட்டது. அளவு தவறிய உருவம் எத்துணை அழகாயினும் வழிபாட்டிற்கு ஏலாது. எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் செய்யப்படுவதே கண் திறத்தல்.

தேர்ச்சிற்பத்திற்கு வேறொரு நடுவரும் உண்டு. அது வீதி. தேரின் அடித்தட்டுகளில் வரிசை வரிசையாக அமைந்த பலகைச் சிற்பங்கள் பார்வைக்கு மட்டும் உரியவை அல்ல. வடம் பிடித்து ஆயிரவர் இழுக்கும்போது ஏற்படும் குலுக்கலையும், வெயிலையும் மழையையும் தாங்க வேண்டியவை. மரம் உலராமல் செதுக்கியிருந்தால் சில ஆண்டுகளில் வெடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அங்கே தச்சனுக்குப் பதக்கம் இல்லை. தேர் நிலைக்குத் திரும்புவதே பரிசு.

கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலை நோக்கிப் புறப்படும் வெள்ளித்தேரை நாம் அறிவோம். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலையும் அறிவோம். நம் கோயில்களில் மயில், யானை, குதிரை, சிங்கம் எனச் சுவாமி புறப்பாட்டுக்குரிய ஊர்திகள் பல உள்ளன. ஆண்டுதோறும் நாம் தோளில் சுமந்து செல்லும் இவ்வூர்திகளைச் செதுக்கியவர் யார், எம்மரத்தில் செதுக்கினார் என்று நம் மாணவரைக் கேட்டால் விடை வருமா? ஆசிரியரைக் கேட்டால் வருமா?

பரிசு என்னும் புதுவழக்கம்

மரவேலையை மேசைமேல் வைத்து, எண்ணிட்டு, நடுவர் குழு கூடித் தரம் பிரித்துப் பதக்கம் தரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருட்காட்சிகளோடு பரவியது. அவற்றுள் தலையாயது 1851-ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடி மாளிகையில் நடந்த பெரும் பொருட்காட்சி. மூலப்பொருள், எந்திரம், செய்பொருள், நுண்கலை என நான்கு பெரும் பிரிவுகளாகப் பொருள்களை வகுத்தனர். அவற்றை 30 வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புதோறும் நடுவர் குழு அமைத்தனர். இந்தியப் பொருள்களைத் திரட்டி வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி.

இவ்வாறு வகுத்ததிலேயே தீர்ப்பின் ஒரு பாதி அடங்கிவிட்டது. ஒரு மரச்சிற்பம் செய்பொருளா, நுண்கலையா? எப்பிரிவில் வைக்கிறோமோ அப்பிரிவின் கண்ணோடே அதனைக் காண்போம். கோயில் ஊர்தியை அறைகலனோடு வைத்தால் அது அறைகலனாகவே மதிக்கப்படும். மேலும் பதக்கம் பொருளைக் காட்சிக்கு வைத்தவர் பெயருக்கே சென்றது; உளி பிடித்தவர் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

அதனை ஒட்டிச் சென்னையிலும் 1855-ஆம் ஆண்டு தென்னிந்தியப் பொருட்காட்சி நடந்தது. நடுவர் குழுக்களின் அறிக்கைகள் அச்சாகி நூலாகவும் வெளிவந்தன. தீர்ப்பைச் சொல்வதோடு நில்லாமல் அதற்குரிய காரணத்தையும் எழுதி வைக்கும் வழக்கத்தை அங்கே காண்கிறோம். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ஆம் ஆண்டு சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார். எட்வர்ட் பால்ஃபர் 1851-ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தைத் தொடங்கியிருந்தார். பள்ளி, அருங்காட்சியகம், பொருட்காட்சி ஆகிய மூன்றும் ஐந்தாண்டுக்குள் ஒரே நகரில் தோன்றியமை குறிப்பிடத்தக்கது. கைவினையைக் கற்பிக்கவும், காக்கவும், மதிப்பிடவும் புதிய இடங்கள் அமைந்தன. இம்மூன்றும் தச்சுப்பட்டறைக்கு வெளியே அமைந்தவை என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் 1902-ஆம் ஆண்டு இறுதியில் தில்லி குத்சியா தோட்டத்தில் மற்றொரு காட்சி தொடங்கியது. முடிசூட்டு தர்பாரை ஒட்டிக் கர்சன் பிரபு ஏற்பாடு செய்தது. பொறுப்பாளர் ஜார்ஜ் வாட். ஐரோப்பியப் பாணியைப் பின்பற்றிய பொருள் எதையும் ஏற்பதில்லை என்பது கர்சன் விதித்த கட்டளை. பொருள்களை உலோகம், கல், மரம், தந்தம், நெசவு எனச் செய்பொருளால் வகைப்படுத்தினர். பழைய சிறந்த பொருள்களை ஒப்பீட்டுக்காக இரவல் பெற்றும் வைத்தனர். புதிய வேலையைப் பழைய வேலையோடு வைத்து அளக்கும் இம்முறை போற்றத்தக்கது. ஆயினும் எது உண்மையான இந்தியப் பாணி என்று வரையறுத்தவர் வைசிராய். அவ்வரையறையை வகுக்கும் இடத்தில் தச்சனுக்கு நாற்காலி போடப்படவில்லை.

நம் காலத்துத் தரமுத்திரை

விடுதலைக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. இந்திய அரசு 1965-ஆம் ஆண்டு முதல் கைவினைக் கலைஞருக்குத் தேசிய விருது வழங்கி வருகிறது. விருது கலைஞரின் பெயருக்கே வழங்கப்படுகிறது. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-ஆம் ஆண்டும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் 2021-ஆம் ஆண்டும் புவிசார் குறியீடு பெற்றன. வாகை, மா, வேம்பு போன்ற மரங்களின் ஒரே கட்டையிலிருந்து உருவம் எடுப்பது அரும்பாவூரார் வழக்கம். புவிசார் குறியீடு ஒரு மனிதனுக்குத் தரும் பரிசன்று. ஓர் ஊரின் உழைப்பிற்குத் தரும் சட்டப் பாதுகாப்பு.

நம் நாட்டில் 1979-ஆம் ஆண்டு மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. கோலாலம்பூர் கோன்லே சாலையில் உள்ள அதன் கைவினை வளாகத்தில் தேசியக் கைவினை நாள் கொண்டாடப்பட்டு வந்துள்ளது. 2001-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனமும் ஆசியான் கைவினைச் சங்கமும் இணைந்து தென்கிழக்காசியக் கைவினைப் பொருள்களுக்குத் தரமுத்திரை வழங்கத் தொடங்கின. கேரித் தீவின் மா மெரி மரச்சிற்பங்கள் அம்முத்திரையைப் பெற்ற பெருமைக்குரியவை.

அத்தரமுத்திரையின் முறை நம் பள்ளிப் போட்டிகளுக்கும் வழிகாட்டக்கூடியது. அங்கே முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்ற வரிசை இல்லை. வரையறுத்த தரத்தை எட்டிய பொருள் அனைத்தும் முத்திரை பெறும். நோக்கப்படுவன நான்கு: வேலைத்திறம், பண்பாட்டு உண்மை, புதுமை, விலைபோகும் தகுதி. இவற்றோடு, செய்முறை இயற்கைக்கு ஊறு செய்யாததாகவும் உழைப்பவரைச் சுரண்டாததாகவும் இருத்தல் வேண்டும். பொருளை மட்டும் அனுப்பினால் போதாது. எம்மூலப்பொருளால், எவ்வாறு செய்யப்பட்டது என்ற விவரத்தையும் எழுதித் தருதல் வேண்டும். சுருங்கக்கூறின், பொருள் தன் வரலாற்றோடு நடுவர்முன் வருகிறது.

இயற்கை பற்றிய அந்நிபந்தனை வெறும் அலங்காரச் சொல்லன்று. கண்டற்காடுகள் குறையக் குறைய நீரே பத்து மரமும் அரிதாகிவருகிறது. மரம் அழிந்தால் கலைஞன் கையில் உளி மட்டுமே எஞ்சும். பதக்கம் கலையை உயர்த்தலாம், காட்டை வளர்க்காது.

மற்றொன்றையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். பரிசினால் மா மெரி கலைக்கு நன்மையும் விளைந்தது, மாற்றமும் விளைந்தது. இளைஞர் சிலர் உளியைக் கையில் எடுத்தனர். தம் முன்னோர் கதையை உலகம் கேட்கிறது என்ற பெருமிதம் பெற்றனர். அதே நேரத்தில் போய்விடவேண்டிய உருவம் நிலைத்து நிற்கவேண்டியதாயிற்று. வாங்குவோர் விருப்பம் பளபளப்பையும் நுணுக்கத்தையும் நாடிற்று. இதனைக் குறையென்று நாம் தீர்ப்புக் கூறலாகாது. முடிவு செய்ய வேண்டியவர் அம்மக்களே. ஆனால் மாற்றம் நிகழ்ந்தது என்பதை நடுவர் அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவர் பளபளப்பையே பழமை என்று மயங்குவர்.

அழிந்தவற்றை நினைத்தால் இவ்வறிவின் அருமை மேலும் விளங்கும். இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் முன்னர்ச் சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையில் இருந்த இரயில் நிலையப் பகுதியைக் குறிவைத்து நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் அக்கட்டடத்தின் ஒரு பகுதி அழிந்தது. புதிய தேசிய அருங்காட்சியகம் 1963-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். எரிந்த மரத்தின் வரிகளை யாராலும் மீண்டும் வரைய இயலாது.

நடுவராக அமர்வோர்க்கு

மலாய் மரச்செதுக்குக் கலைஞரிடையே வழங்கும் ஒரு நெறி என் நெஞ்சைக் கவர்ந்தது. செதுக்கும் கொடிக்கு ஒரு மூலம் இருத்தல் வேண்டும்; அம்மூலம் வெளிப்படையாகத் தெரியலாகாது. வளரும் கொடி அருகிலுள்ள கொடியைக் குத்தலாகாது. படரும்போது மற்றொன்றை நெரிக்கலாகாது. இது வேலைப்பாட்டு விதி. அதே நேரத்தில் பல இனத்தார் கூடி வாழும் நாட்டிற்கு ஏற்ற வாழ்க்கை விதியுமாகும். மலாய்ப் பலகையைச் சீர்தூக்குபவர் இந்நெறியை அறிந்திருத்தல் வேண்டும். நம் ஊர்தியைச் சீர்தூக்குபவர் தாலத்தை அறிந்திருத்தல் வேண்டும். மா மெரி உருவத்தைச் சீர்தூக்குபவர் மோயாங்கின் கதையை அறிந்திருத்தல் வேண்டும். ஓர் அளவுகோலால் மூன்றையும் அளப்பது கோணல் அளவையே.

என் அனுபவத்தில் கண்ட சிலவற்றை இளம் ஆசிரியர்க்குச் சொல்ல விரும்புகிறேன். பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனம் மரத்தைச் சொல்லும். பின்புறத்தையும் அடிப்புறத்தையும் பாருங்கள்; உளித்தடம் அங்கேதான் ஒளியாமல் இருக்கும். மரத்தின் நார் எத்திசையில் ஓடுகிறது, மெல்லிய உறுப்புகளை மாணவன் அத்திசையில் அமைத்திருக்கிறானா என்று நோக்குங்கள். சிந்தித்து வேலை செய்தவனை அது காட்டிக்கொடுக்கும். மெருகைக் கடைசியில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, செய்தவனை அழைத்து, "தம்பி, இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். செய்தவன் கை தானாக அசைந்து காட்டத் தொடங்கும். செய்யாதவன் கை அசையாது.

ஐயம் தோன்றினால் அவனை விலக்குமுன் அவ்வையத்தை அவனிடமே சொல்லுங்கள். விளக்கம் அளிக்க ஒரு வாய்ப்புத் தருவது நடுவர் காட்டும் சலுகை அன்று, அவனுக்குரிய உரிமை. தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் வாதாடப் பழகாதவர்கள். அவர்கள் மௌனத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்வது நம் பிழை.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வேண்டியவன், வேண்டாதவன் என்று பாராமல் தீர்ப்பளிப்பதே நடுவுநிலைமை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அன்றைய போட்டியில் நான் யார் பக்கமும் சாயவில்லை. சிறுவனை எனக்கு முன்பின் தெரியாது. ஆயினும் தீர்ப்பு கோணிற்று. ஏனெனில் துலாக்கோல் சாயாமல் இருந்தால் மட்டும் போதாது, தட்டில் வைத்த பொருள் இன்னதென்று நிறுப்பவன் அறிந்திருக்கவும் வேண்டும்.

இன்று அச்சிறுவன் நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். எங்கேனும் தச்சுப்பட்டறையில் உளி பிடிக்கிறானா, அன்றோடு அதைக் கீழே வைத்துவிட்டானா என்பது எனக்குத் தெரியாது. கைவினைப் போட்டிக்கு நடுவராக எவரேனும் என்னை அழைக்கும்போதெல்லாம் நான் ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறேன். மேசையருகே ஒவ்வொரு பொருளோடும் அதைச் செய்த பிள்ளையும் நிற்க வேண்டும்.